ஆமாஞ்சாமிப் பெட்டி

மண் அள்ளும் எந்திரத்தை எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் சங்ககிரி வட்டாரத்தில் அதற்குப் பொக்லைன் என்றுதான் பெயர். ஊர் வைத்த பெயரை மாற்றக் கம்பெனிக்காரனால் ஆகாது. அரசாங்கத்தாலும் ஆகாது. ஓட்டுகிறவர்களின் உயிரைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்து, படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு பெயரையும் வைத்தார்கள். குவாரிகளில் அது ஒரே நாளில் 'சீட் சட்டம்' ஆகிவிட்டது.

சட்டம் நல்ல சட்டம்தான். வெயிலில் மயங்கிய ஆபரேட்டரின் கை லீவர் மேல் சாய்ந்து, பக்கெட் தானாகச் சுழன்று, கீழே நின்றவர்களை அடித்துப்போட்ட செய்திகள் அந்த வருஷங்களில் அடிக்கடி வந்தன. அதனால் புதிதாகச் செய்கிற ஒவ்வொரு வண்டியிலும் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்றார்கள். உட்கார்ந்திருப்பவனின் நாடியையும் மூச்சையும் இருக்கைத் துணி வழியாகவே உணர்ந்து, ஆள் நன்றாக இருக்கிறான் என்று வண்டியின் மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது அதன் வேலை. அது வாயை மூடினால் வண்டி நின்றுவிடும். எஞ்சின் நின்றாலும் மூளை பேட்டரியில் விழித்திருந்து அதே துடிப்பைக் குவாரி ஆபீஸ் திரைக்கும் அனுப்பும். சுரங்கங்களுக்காகக் கண்டுபிடித்த அலை அது. மண்ணையும் பாறையையும் துளைத்துக்கொண்டு வரும். பேச்சைச் சுமக்கும் தெம்பு மட்டும் அதற்குக் கிடையாது. துடிப்பைச் சுமக்கும், அவ்வளவுதான்.

புது வண்டிக்கு இதெல்லாம் சரி. சங்ககிரிக்கு வருகிறவையோ வேறு ஏதோ ஒரு நாட்டில் முதுகொடிய உழைத்து, கப்பலேறி, வழியில் எங்கோ பெயின்ட் அடித்துக்கொண்டு புதுப்பெண் மாதிரி வந்து இறங்குகிற பழைய வண்டிகள். பெயின்டுக்கு அடியில் வயரோடு வயரைச் சேர்க்கிற, உப்புக் காற்றில் பூத்துப்போன கப்ளர்களும் எலி கடித்த வயர்களும் இருக்கும். திரையில் 'தொடர்பு இல்லை' என்று சிவப்பு எழுத்து வரும். வண்டி கல்லாய்ச் சமைந்து நிற்கும். செய்த கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு எப்போதோ போயிருக்கும். அப்போது எல்லோரும் தேடி வருவது பைபாஸ் ஓரத்தில் ஷெட் போட்டிருக்கும் பூபதியைத்தான்.

பூபதிக்கு நாற்பது வயதிருக்கும். வண்டி எலக்ட்ரீஷியன். கை சுத்தம், வாய் காரம். "மீட்டர் பொய் சொல்லாது, மனுசன்தான் சொல்லுவான்" என்பது அவர் தினசரி ஒருமுறையாவது சொல்கிற வாசகம். வண்டிக்காரர் வந்து நோயை விவரிக்க ஆரம்பித்தால் கையமர்த்திவிட்டு மீட்டரை வைப்பார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. தொழிலில் கெட்டிக்காரர்களுக்கு இருக்கிற கர்வம்தான், தப்பென்று சொல்வதற்கில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வெள்ளக்கரடு குவாரியிலிருந்து ஒரு பொக்லைனை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கூடவே அதன் ஆபரேட்டர் மாதேஷ் வந்தான். பென்னாகரம் பக்கத்துப் பையன், முப்பதைத் தாண்டாதவன், பல் தெரியச் சிரிக்காமல் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன். வண்டி இரண்டு நாளாக நின்று நின்று ஓடுகிறது, இப்போது ஒரேயடியாக நின்றுவிட்டது என்றான். பூபதி கையமர்த்தினார்.

ஒரு வண்டியில் எத்தனை பெட்டிகள் இருந்தாலும் அவை எல்லாம் ஒரே ஜோடி வயரில்தான் பேசிக்கொள்கின்றன. கல்யாண வீட்டுக் கூடம் போல. ஒருவர் சம்பந்தமில்லாமல் கத்த ஆரம்பித்தால் மற்றவர் பேச்சு யாருக்கும் கேட்காது. கத்துகிறவர் யார் என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவராக வெளியே அனுப்பிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பூபதி எஞ்சின் பெட்டியைக் கழற்றினார், பம்ப் பெட்டியைக் கழற்றினார், சிவப்பு எழுத்து அசையவில்லை. இருக்கைப் பெட்டியைக் கழற்றியதும் மற்றவை எல்லாம் சளசளவென்று பேச ஆரம்பித்தன.

ஆனால் கோளாறு பெட்டியிலா, பெட்டிக்குப் போகிற வயரிலா என்று பார்க்க வேண்டுமானால் கேபின் தரையைப் பிரிக்க வேண்டும். அது அரைநாள் வேலை. வாசலில் இன்னும் நாலைந்து வண்டிகள் நின்றன. நிற்கிற வண்டிக்குப் பூஜை போட்டால் வருஷம் பூராவும் அது நிற்கும் என்பது குவாரிக்காரர்களின் நம்பிக்கை. வண்டி சொந்தமாக நகர்ந்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியாக வேண்டும். குவாரி மேனேஜர் அதற்குள் மூன்று தடவை போன் செய்துவிட்டார். பூபதி தரையைப் பிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து ஆமாஞ்சாமியை எடுத்தார்.

ஆமாஞ்சாமி என்பது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புப் பெட்டி. நல்ல ஆரோக்கியமான ஆள் ஒருவரை இருக்கையில் உட்காரவைத்து, கொஞ்ச நேரம் அவர் துடிப்பைப் பதிந்து அதற்குள் போட்டுவிட்டால், அது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆள் இருக்கிறானா என்று மூளை கேட்டால் ஆமாஞ்சாமி. நன்றாக இருக்கிறானா என்று கேட்டால் அதற்கும் ஆமாஞ்சாமி. அந்த மாவட்டத்தில் பாதிப் பழைய வண்டிகள் அப்படித்தான் ஓடின. சோதனைக்கு வருகிற அதிகாரியும் திரையில் பச்சை எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

இந்த வண்டியின் மூளைக்குப் பழைய பதிவு ஒத்துவரவில்லை. புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. என் துடிப்பையே பதியுங்கள் என்று மாதேஷ் கேட்டான்.

"உன்றது வேண்டாஞ்சாமி. பீடி குடிச்சுக் குடிச்சுத் தறி ஓடற மாதிரி ஓடுது. வண்டி பயந்துக்கும்" என்று பூபதி தானே ஏறி உட்கார்ந்தார். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பாதியில் ஒரு பெரிய விக்கல் வந்தது. திரையில் துடிப்புக் கோடு எகிறி விழுந்தது.

"அண்ணி நெனச்சுக்கிட்டாங்க போலக்குதுணா" என்று மாதேஷ் சிரித்தான்.

மறுபடி பதிய நேரமில்லை. விக்கலோடு சேர்த்தே பெட்டிக்குள் போட்டார். கப்ளரை மாட்டி அழுத்தினார். டக் என்று பூட்டு விழுந்தது. அந்தச் சத்தம் கேட்காமல் அவர் எந்தக் கப்ளரையும் விடமாட்டார். குலுக்கினாலும் உதறினாலும் வராது, பூட்டை அமுக்கி இழுத்தால்தான் வரும் என்று வழக்கம்போல அதையும் பெருமையாகச் சொன்னார். பெட்டியை ஆபரேட்டரின் வலது கைக்கு எட்டுகிற இடத்தில், இருக்கைக்குப் பக்கவாட்டில் கிளிப் போட்டு நிறுத்தினார்.

"இதப் புடுங்குனா என்னாகும்ணா?"

"வண்டி செத்துரும். உங்க ஆபீஸ் திரையில கீன்னு கத்தும். நீ மாட்டற வரைக்கும் கத்திக்கிட்டே இருக்கும். சும்மா கெடக்கறதப் போய்ப் புடுங்கிக்கிட்டு இருக்காத."

மாதேஷ் தலையாட்டிவிட்டு எஞ்சினை எடுத்தான். உறுமிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் ஹார்னை அடித்தான், இரண்டு குட்டையாக, ஒன்று நெட்டையாக. குவாரியில் அதற்கு 'வா' என்று அர்த்தம். பக்கெட்டை நிரப்பிவிட்டுக் காத்திருக்கிற ஆபரேட்டர் டிப்பரைக் கூப்பிடுகிற முறை அது. டிப்பர்காரன் 'வர்றேன்' என்று ஒரு குட்டை ஹார்ன் அடிக்கும்வரை அவர்கள் விடமாட்டார்கள். மாதேஷ் சுத்தமாக விடமாட்டான். சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் நின்ற டிப்பரிலிருந்து உடனே ஒரு குட்டை ஹார்ன் வந்தது. ஓட்டுநர் ஜெகன் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தான். மாதேஷின் பக்கெட்டுக்குக் கீழே வருஷக்கணக்காக வண்டி நிறுத்துகிறவன், கை பழகிப்போய்விட்டது. இரண்டு பேரும் சாலையின் இரு பக்கமும் நின்று சிரித்தார்கள். கடையில் எதற்கு இந்தக் கூத்து என்று பூபதி சத்தம் போட்டு அனுப்பிவைத்தார்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. மழை வெறித்த மறுநாள் காலை, வெள்ளக்கரடு குவாரியின் மேல்தட்டு சரிந்து கீழ்த்தட்டில் விழுந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். மாதேஷின் வண்டி மட்டும் மண்ணுக்குள் போய்விட்டது.

மேனேஜர் பூபதிக்குப் போன் செய்தபோது அவர் குரலில் அழுகையும் சந்தோஷமும் கலந்திருந்தன. "சிக்னல் வருதுங்க. ஆளு உசுரோடதான் இருக்கறானுங்க. நீங்க வந்து லைன் கட்டாகாம பாத்துக் குடுங்க."

பூபதி போனை வைத்துவிட்டு, ஆமாஞ்சாமிகள் இருந்த அலமாரியை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

குவாரி மேட்டில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். மீட்புப் படையின் பொறுப்பு நஸ்ரின் என்கிற அதிகாரியிடம் இருந்தது. சுருக்கமாகப் பேசுகிற பெண்மணி. ஆபீஸ் திரையைக் கூடாரத்துக்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதில் பச்சைக் கோடு ஒன்று நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் மாதேஷின் மனைவி பவித்ரா உட்கார்ந்திருந்தாள். பள்ளிபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலைக்குப் போகிறவள். மில் சட்டையோடே வந்துவிட்டாள். குவாரியை அவள் பார்ப்பதே இதுதான் முதல் தடவை. ஒரு கையைத் திரையின் மேல் வைத்திருந்தாள். கோடு ஏறினால் அவள் மூச்சும் ஏறியது.

நஸ்ரின் பூபதியைக் கூடாரத்துக்கு வெளியே அழைத்துப் போய் நிலைமையைக் காட்டினார். சரிந்தது போக மேல்தட்டில் மிச்சமிருந்த பாறையில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. எப்போது வேண்டுமானாலும் வரும். முறைப்படி செய்வதென்றால் மேலேயிருந்து படிப்படியாக வெட்டிக்கொண்டு இறங்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பாறைக்குக் கீழே ஒரு வண்டியை அனுப்புவது சட்டப்படி தப்பு.

"ஆனா உள்ள ஒருத்தர் உயிரோட இருக்கார். திரையில தெரியுது. அதனாலதான் நான் சம்மதிச்சேன்" என்றார்.

வெடிப்புக்கு நேர் கீழே ஒரு பொக்லைன் மண்ணை வாரிக்கொண்டிருந்தது. அதில் இருந்தது ஜெகன். டிப்பரும் ஓட்டுவான், பொக்லைனும் ஓட்டுவான். யார் உள்ளே போகிறீர்கள் என்று கேட்டபோது வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை, அவன்தான் ஏறினானாம். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

பூபதி கூடாரத்துக்குத் திரும்பி லேப்டாப்பை இணைத்துப் பதிவைத் தொடங்கினார். கோட்டைப் பார்த்தார். ஒருவேளை யாராவது ஆமாஞ்சாமியைக் கழற்றிவிட்டு நிஜப் பெட்டியை மாட்டியிருக்கலாம். மேனேஜர் வேறு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் மனசு கெஞ்சியது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அவர் அந்த விக்கலுக்காகக் காத்திருந்தார். வரக் கூடாது, வரக் கூடாது என்று கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டார்.

கோடு நிதானமாக ஓடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் எகிறி விழுந்து, மறுபடி நிதானமாக ஓடியது.

பவித்ரா பதறிப்போனாள். "என்னாச்சுணா அவருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் பூபதி. அவருக்குச் சொந்தக் குரலே கேட்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சொன்னால் தோண்டுவது நின்றுவிடும். உள்ளே மாதேஷ் உண்மையிலேயே உயிரோடு இருந்தால்? சொல்லாவிட்டால் ஜெகன் தலைமேல் பாறை தொங்குகிறது. உள்ளே இருப்பது வெறும் பிணமாக இருந்தால்? இந்தப் பக்கம் பார்த்தாலும் ஓர் உயிர், அந்தப் பக்கம் பார்த்தாலும் ஓர் உயிர். பெட்டியை மாட்டியதோ அவர் கை. பூபதி வாழ்நாளில் முதல்தடவையாக மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றில் மாட்டிக்கொண்டார்.

அப்போதுதான் திரை கத்தியது. கோடு அறுந்து, 'தொடர்பு இல்லை' என்று சிவப்பு எழுத்து வந்து, கீ என்றது. உடனே சரியாயிற்று. மறுபடி கீ என்றது. அதற்கப்புறம் கொஞ்சம் நீளமாக. ஒவ்வொரு தடவையும் பவித்ராவின் உடம்பு தூக்கிப்போட்டது. காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பூபதிக்குத் தாங்கவில்லை. கையை நீட்டிச் சத்தத்தை அணைத்துவிட்டார்.

சத்தம் போனதே தவிர, கோடு அறுவதும் ஒட்டுவதும் போகவில்லை. கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், மறுபடி வெட்டும். நஸ்ரின் அதைக் கவனித்துக்கொண்டே நின்றார்.

மேல்தட்டிலிருந்து சின்னதும் பெரியதுமாகக் கற்கள் உருண்டன. ஒன்று ஜெகனின் கேபின் கூரையில் விழுந்தது. அவன் வண்டியை நிறுத்தவில்லை. மைக்கில் யாரோ கத்தினார்கள், எஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது.

"மேடம், ஜெகன வெளிய வரச் சொல்லுங்க" என்றார் பூபதி.

"ஏன்?"

"அந்தத் துடிப்பு மாதேஷோடது இல்லீங்க."

எல்லாவற்றையும் சொன்னார். ஆமாஞ்சாமியைப் பற்றி, ஆயுத பூஜை அவசரத்தைப் பற்றி, விக்கலைப் பற்றி. நின்றபடியே சொன்னார். நஸ்ரின் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. முகம் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. மேனேஜர் கூடாரத்திலிருந்து மெல்ல வெளியே நழுவினார்.

"அப்ப உள்ள இருக்கறவர் செத்துட்டார்ங்கறீங்களா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பெட்டிக்கும் தெரியாது. ஆளு இருந்தாலும் இல்லாட்டியும் அது இதையேதான் சொல்லும்."

நஸ்ரின் திரையைக் காட்டினார். கோடு அப்போதும் அறுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "இது? விட்டு விட்டு வருதே. உள்ள ஒரு ஆள் அசைஞ்சா இந்த மாதிரி வருமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதுக்கு நீங்க சொல்ற பதில வச்சுத்தான் நான் முடிவெடுக்கணும்."

பூபதி யோசிக்கவில்லை. இருபது வருஷமாக இந்த மாதிரி விட்டு விட்டு வருகிற கோளாறுகளை ஆயிரம் பார்த்திருக்கிறார். மண் இறங்க இறங்கத் தரை வளைகிறது, தரை வளைந்தால் வயரை இழுக்கிறது. இதற்கு மீட்டர்கூட வேண்டாம்.

"லூஸ் காண்டாக்ட்டுங்க. மண்ணு உக்காருதுங்க" என்றார்.

நஸ்ரின் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு வாக்கிடாக்கியை எடுத்தார்.

ஜெகன் லேசில் வரவில்லை. இரண்டு பேர் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, கையைப் பிடித்து இறக்கினார்கள். திட்டிக்கொண்டே நடந்துவந்தான். அவன் மேட்டில் பாதி ஏறியிருப்பான், வெடிப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பாறை மொத்தமாகக் கழன்று, அவன் விட்டுவந்த வண்டியின் மேல் விழுந்தது. புழுதி அடங்கியபோது வண்டி இருந்த இடம் தெரியவில்லை. ஜெகன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாரோ வந்து பூபதியின் தோளைத் தொட்டு, ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றார்கள். அந்தத் தொடுதல் அவருக்கு வேண்டியிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பவித்ராவைப் பார்க்கத்தான் அவருக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இவ்ளோ நேரம் நான் பாத்துக்கிட்டு இருந்தது ஆரோட துடிப்புணா?"

"என்னோடதும்மா."

அவள் திரையின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் உறவுக்காரர்கள் வந்து அவளை அழைத்துப் போனார்கள். கூடாரம் காலியாயிற்று. திரை பாட்டுக்குச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோது கோடு முழுசாக அறுந்திருந்தது. பூபதி லேப்டாப்பைக் கழற்றி மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்கப்புறம் நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. பூபதி மேல் வழக்குப் பதிந்தார்கள். மாவட்டம் முழுக்க ஆமாஞ்சாமிகளைத் தேடிப் பிடுங்கினார்கள். பாதிக் குவாரிகள் நின்றுபோயின. ஊரையே காட்டிக்கொடுத்தவன் என்று சிலர் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். அவர் யாரிடமும் சமாதானம் சொல்லவில்லை. நேரத்தில் உண்மையைச் சொன்னோம், ஜெகன் குழந்தைகளுக்கு அப்பா மிஞ்சினான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தூங்கி எழுந்துகொண்டிருந்தார்.

மேல்தட்டை வெட்டி இறக்கி மாதேஷை வெளியே எடுக்கக் கார்த்திகை கடைசி ஆகிவிட்டது. பூபதி அங்கே போகவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் நஸ்ரின் ஷெட்டுக்கு வந்தார். எழுந்து நின்ற பூபதியை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். அறிக்கையை முடிக்க வேண்டும், நீங்கள் நேரத்தில் உண்மையைச் சொன்னதை அதில் அழுத்தமாக எழுதியிருக்கிறேன், வழக்குக்கு அது உதவும் என்றார். ஒரே ஒரு வரிதான் பாக்கியாம். தொடர்பு ஏன் விட்டு விட்டு வந்தது என்பதற்குத் தொழில் தெரிந்தவரின் காரணம் வேண்டும்.

"மண் அசைவுனால லூஸ் காண்டாக்ட், அதானே? எழுதிக்கவா?"

"எழுதிக்கங்க மேடம்."

எழுதிக்கொண்டே நஸ்ரின் சொன்னார். கேபின் நசுங்கவில்லை. கண்ணாடிகூடப் பாதி நின்றிருந்தது. மண் முழங்கால் வரைக்கும்தான் வந்திருந்தது. உயிர் எப்போது போனது என்று இத்தனை நாள் கழித்து டாக்டரால் சொல்ல முடியவில்லை. "உங்க பெட்டி கிளிப்லேர்ந்து கழண்டு அவர் மடியில கெடந்துச்சு. வயர் தனியா இருந்துச்சு. அதிர்ச்சியில கழண்டுருக்கும்."

டக் என்ற அந்தப் பூட்டுச் சத்தம் பூபதியின் காதில் கேட்டது. குலுக்கினாலும் உதறினாலும் வராது. அமுக்கி இழுத்தால்தான் வரும்.

எழுந்துபோய் அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்துவந்தார். அன்றைய பதிவு அதில் அப்படியே இருந்தது. எதற்கு என்று நஸ்ரின் கேட்கும்போதே, ஷெட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரை அதில் மாட்டிச் சத்தத்தை ஏற்றினார். ஓடவிட்டார். அவருடைய சொந்தத் துடிப்பு பச்சைக் கோடாக நிதானமாக ஓடியது. விக்கல் வந்தது. கொஞ்சம் பொறுத்துக் கோடு அறுந்தது. அன்றைக்கு அவர் அணைத்தது கூடாரத்துத் திரையின் சத்தத்தை. லேப்டாப் பதியும்போது கத்தாது, பதிந்ததை ஓடவிட்டால் கத்தும்.

கீ, கீ, கீ…

இரண்டு குட்டை, ஒரு நெட்டை. கொஞ்ச நேரம் நிசப்தம். மறுபடி இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

சாலைக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் நின்ற டிப்பரிலிருந்து ஒரு குட்டை ஹார்ன் வந்தது.

நஸ்ரின் நிமிர்ந்து பார்த்தார். ஜெகன் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி, வண்டிகளுக்கு வழிவிட்டு நின்று நின்று சாலையைத் தாண்டி வந்தான். ஷெட்டில் பொக்லைன் எதுவும் இல்லாததைப் பார்த்து அவன் முகத்தில் குழப்பம் தெரிந்தது.

"ஆருங்ணா இங்க வண்டியக் கூப்புடறது? அப்படியே மாதேஷாட்டவே இருக்குது. கை தன்னால ஹார்னுக்குப் போயிருச்சுங்."

நஸ்ரினின் பேனா அந்த வரியின் நடுவில் நின்றுவிட்டது. மேஜையின் மேல் லேப்டாப் மறுபடியும் கூப்பிட்டது. பதிவு இன்னும் அன்றைய சாயங்காலம் வரைக்கும் இருந்தது.